பித்தப்பைப் பரிசோதனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பித்தப்பையில் கல் இருக்குமோ என்ற பயத்தோடு ஸ்கேனுக்கு வருகிறவர்களும், எடுத்து முடித்து ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பி நிற்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. அவர்கள் கேட்ட மாதிரியே தொகுத்திருக்கிறேன். உங்களை நேரில் பார்த்த டாக்டர் சொல்வதற்கு இது மாற்று இல்லை. ஆனால் எந்தப் பரிசோதனை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரிந்துகொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தால், என்ன கேட்க வேண்டும் என்பது தெரியும். வேண்டாத பரிசோதனைக்கு நீங்களாகவே ஓடவும் மாட்டீர்கள்.

பித்தப்பை எங்கே இருக்கிறது? அதில் அப்படி என்ன கோளாறு வரும்?

வலது விலா எலும்புகளுக்குக் கீழே, கல்லீரலின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பை அது. 30 முதல் 50 மில்லி வரை பிடிக்கும். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல்தான். பித்தப்பை அதை வாங்கி, அதிலுள்ள தண்ணீரை உறிஞ்சி, கெட்டியாக்கி வைத்துக்கொள்கிறது. கொழுப்புள்ள சாப்பாடு சிறுகுடலுக்குள் வந்ததும் குடலிலிருந்து ஒரு ஹார்மோன் சுரக்கும். உடனே பை சுருங்கி, பித்தநீரை நாளம் வழியாகக் குடலுக்கு அனுப்பும்.

அதிகம் பார்க்கும் கோளாறு கல்தான். கல் பையின் வாயை அடைத்தால் வலி வரும். அடைப்பு விலகாமல் நின்றுவிட்டால் பை வீங்கி அழற்சி ஆகும். கல் நழுவிக் கீழே பொதுப் பித்தநாளத்தில் சிக்கினால் காமாலை, காய்ச்சல், சில சமயம் கணைய அழற்சி. இவை போக பாலிப் (பையின் சுவரில் முளைக்கும் சின்னச் சதை), கசடு (கெட்டியாகிப் படிந்த பித்தநீர்), சரியாகச் சுருங்காத பை, அரிதாகப் புற்றுநோய். கோளாறு பையில் இருக்கிறதா, நாளத்தில் இருக்கிறதா, பை வேலை செய்யும் விதத்தில் இருக்கிறதா என்பதைப் பொறுத்துப் பரிசோதனை மாறும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எனக்குக் கேஸ் மாதிரிதான் இருக்கிறது. இதற்குப் போய் ஸ்கேன் வேண்டுமா?

வலி எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். பித்தப்பை வலி பெரும்பாலும் மேல்வயிற்றின் நடுவிலோ வலது பக்கத்திலோ பிடிக்கும். முதுகுக்கோ வலது தோள்பட்டை எலும்புக்கோ பரவும். சாப்பிட்டுச் சிறிது நேரம் கழித்தோ, நடு இரவிலோ தொடங்கும். ஏறிக்கொண்டே போய் அரை மணி முதல் சில மணி நேரம் ஒரே பிடியாக நிற்கும். ஏப்பம் விட்டாலும் குறையாது, புரண்டு படுத்தாலும் குறையாது. அப்புறம் தானாக விட்டுவிடும், அடுத்த முறை வரும்வரை ஒன்றுமே இருக்காது. இப்படி இருந்தால் ஸ்கேன் எடுப்பது நியாயம்.

வெறும் உப்புசமும் புளித்த ஏப்பமும் மட்டும் என்றால் காரணம் வேறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வயிற்றுப் புண்ணா என்று பார்க்க எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) தேவைப்படலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மேல்வயிற்று வலியாகவே மாரடைப்பு வருவதுண்டு. வியர்வை, மூச்சிறைப்பு, நெஞ்சு இறுக்கம் சேர்ந்தால் முதலில் ஈ.சி.ஜி., பித்தப்பை அப்புறம்.

முதலில் எந்த டெஸ்ட் எடுக்கணும்? நேராக சி.டி. எடுத்துவிட்டால் ஒரே வேலையாக முடிந்துவிடாதா?

முடியாது. முதல் பரிசோதனை அல்ட்ராசவுண்ட்தான். சாதாரணமாக 'வயிற்று ஸ்கேன்' என்று சொல்கிறோமே, அதே. பித்தப்பைக்குள் இருக்கும் கல்லைக் கண்டுபிடிப்பதில் அதைவிட நல்ல எளிய கருவி இல்லை. கல் உள்ள 100 பேரில் ஏறக்குறைய 95 பேருக்கு அது காட்டிக்கொடுக்கும். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

'பெரிய மெஷினாக இருந்தால் எல்லாமே தெரியும்' என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. பித்தப்பை விஷயத்தில் அது தப்பு. ஏன் என்பதைக் கீழே சி.டி. பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

வெறும் வயிற்றோடு ஏன் வரச் சொல்கிறார்கள்? ஒரு காபி மட்டும் குடித்துவிட்டேன், பரவாயில்லையா?

பட்டினி கிடந்தால்தான் பை நிறைந்து விரிந்திருக்கும். உள்ளே பித்தநீர் கறுப்பாகவும், கல் இருந்தால் அது வெள்ளையாகவும் திரையில் பளிச்சென்று தெரியும். சாப்பிட்டுவிட்டால் பை சுருங்கிவிடும். சுருங்கிய பையின் சுவர் இயல்பாகவே தடித்துத் தெரியும். சின்னக் கல் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். போதாக்குறைக்குக் குடலில் காற்றும் சேர்ந்து படத்தை மறைக்கும். அதனால்தான் 6 முதல் 8 மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வது.

பால் கலந்த காபியில் கொழுப்பு இருக்கிறது. அது பையைச் சுருக்கப் போதும். குடித்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவசரம் இல்லையென்றால் நேரம் தள்ளிப் போடலாம். தண்ணீரும், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையும் பொதுவாகத் தடையில்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பட்டினியில் சர்க்கரை இறங்கிவிடும் என்பதால், முதல் நாளே டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, காலையில் முதல் ஆளாக நேரம் வாங்குவது நல்லது. தாங்க முடியாத வலியோடு வருகிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, எப்போது வந்தாலும் எடுத்துப் பார்ப்பார்கள்.

ஸ்கேன் எடுக்கும்போது திரும்பிப் படு, மூச்சை இழு, பிடி என்று படாதபாடு படுத்துகிறார்களே, எதற்கு?

ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. மூச்சை இழுத்துப் பிடித்தால் கல்லீரல் கீழே இறங்கும், அதோடு பித்தப்பையும் விலா எலும்பின் மறைவிலிருந்து வெளியே வரும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் பை வேறு கோணத்தில் தெரியும். உள்ளே இருப்பது கல்லானால் உருண்டு அடிப்பக்கத்துக்குப் போகும். அந்த உருளலைத்தான் பார்க்கிறார்கள். கல்லுக்கு இன்னொரு அடையாளம் நிழல்: ஒலி அலை கல்லைத் தாண்டிப் போக முடியாததால் அதற்குப் பின்னால் ஒரு கரும்பட்டை விழும். உருண்டு, நிழலும் போட்டால் அது கல். சுவரில் ஒட்டிக்கொண்டு நகராமல், நிழலும் இல்லாமல் இருந்தால் பாலிப். நகரும், ஆனால் நிழல் இல்லை என்றால் கசடு. அசைந்து கொடுக்காமல் மல்லாந்தே படுத்திருந்தால் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

சில சமயம் கருவியை நேராகப் பித்தப்பை மேல் வைத்து அழுத்தி, 'இங்கேதான் வலிக்கிறதா?' என்று கேட்பார்கள். அதுவும் ஒரு பரிசோதனைதான். அழற்சி உள்ள பையை அழுத்தியபடி மூச்சை இழுக்கச் சொன்னால், வலியில் மூச்சு பாதியில் நின்றுவிடும். இதைக் கையாலேயே செய்து காட்டியவர் சிகாகோவில் இருந்த ஜான் மர்ஃபி என்ற அறுவை மருத்துவர். ரிப்போர்ட்டில் 'மர்ஃபி அறிகுறி' என்று வருவது அவர் பெயர்தான். வலி மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு வந்திருந்தால் இந்த அறிகுறி மறைந்துவிடும். ஆகவே அதையும் சொல்லிவிடுங்கள்.

ரத்தப் பரிசோதனை எல்லாமே நார்மல். அப்போ கல் இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. கல் இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. பைக்குள் சும்மா கிடக்கும் கல் ரத்தத்தில் எந்த மாற்றத்தையும் உண்டாக்காது. கல் ஏதாவது வினை செய்திருக்கிறதா, அழற்சியா, நாள அடைப்பா, கணையம் பாதித்ததா என்பதற்குத்தான் ரத்தப் பரிசோதனை.

சரி, எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

ஒரு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு பார்ப்பதில்தான் குழப்பமே ஆரம்பிக்கிறது. பித்தநாளம் அடைபட்டால் பிலிருபின் (காமாலையில் மஞ்சள் நிறம் தரும் பொருள்) ஏறும், அதிலும் 'டைரக்ட்' என்று தனியாகப் போட்டிருக்கும் பங்கு அதிகமாக ஏறும். கூடவே ஆல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ், ஜி.ஜி.டி. என்ற இரண்டு நொதிகளும் ஏறும். ஆல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ் எலும்பிலிருந்தும் வரும் என்பதால் அது மட்டும் கூடியிருந்தால் பித்தநாளம் என்று முடிவு கட்ட முடியாது, ஜி.ஜி.டி.யும் சேர்ந்து கூடினால் கல்லீரல், பித்தநாளம் பக்கம் பார்க்க வேண்டும்.

அதிகம் பேர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கல் நாளத்தில் சிக்கிய முதல் சில மணி நேரத்தில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதிகள் இரண்டும் நூற்றுக்கணக்கில் ஏறலாம். கிருமியால் வரும் கல்லீரல் அழற்சி என்று நினைத்துவிடத் தோன்றும். ஆனால் கல் நழுவிப் போய்விட்டால் ஓரிரு நாளிலேயே அவை வேகமாக இறங்கும். கடும் வலி வந்து, மறுநாள் எடுத்த எண்ணும் மூன்றாம் நாள் எடுத்த எண்ணும் இப்படி மாறியிருந்தால் இரண்டு ரிப்போர்ட்டையும் சேர்த்தே காட்டுங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் கதை பாதிதான் தெரியும்.

இவற்றோடு வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையும் சி.ஆர்.பி. என்ற புரதத்தின் அளவும் அழற்சியைக் காட்டும். லைப்பேஸ் என்ற கணைய நொதி இயல்பான உச்ச அளவைப் போல மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருந்து, வலியும் அதற்கேற்ற மாதிரி இருந்தால் கணைய அழற்சி.

எந்த நிலையில் நேரம் வாங்கிக் காத்திருக்கக் கூடாது?

வலி 6 மணி நேரத்துக்கு மேல் விடாமல் இருந்தால். காய்ச்சலோ நடுக்கும் குளிரோ வந்தால். கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, மலம் வெளுத்தால். வாந்தி நிற்காமல் வலி முதுகைத் துளைத்தால். இவற்றில் ஒன்று இருந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சல், காமாலை, வலி மூன்றும் சேர்ந்தால் பித்தநாளத்தில் சீழ்த் தொற்று என்று பொருள், அது சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம்.

ஸ்கேனில் கல் என்று வந்துவிட்டது. ஆனால் எனக்கு வலியே வந்ததில்லை. அடுத்து என்ன டெஸ்ட்?

பெரும்பாலும் எதுவும் வேண்டாம். கல் உள்ளவர்களில் பெரும்பான்மையோருக்கு வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் வராது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த கல்லுக்கு சி.டி., எம்.ஆர்.ஐ. என்று போக வேண்டியதில்லை. அறுவை சிகிச்சையும் வழக்கமாகத் தேவையில்லை. விதிவிலக்குகள் உண்டு: கல் 3 சென்டிமீட்டரைவிடப் பெரியது, சுவரில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது, கல்லோடு பாலிப்பும் இருக்கிறது என்று ரிப்போர்ட்டில் இருந்தால் அறுவை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிப் பேசிவிடுவது நல்லது.

ரிப்போர்ட்டில் 'சுவர் தடிப்பு' என்று போட்டிருக்கிறது. புற்றுநோயா?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் முதல் நாள் இரவு தூங்கியிருக்க மாட்டார்கள். அதனால் முதலிலேயே சொல்கிறேன்: சுவர் தடிப்புக்குக் காரணங்கள் பல, பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. பட்டினி கிடந்தவருக்குச் சுவர் 3 மில்லிமீட்டர் வரை இருப்பது இயல்பு. சாப்பிட்டுவிட்டு எடுத்திருந்தால் தடித்தே தெரியும் (வெறும் வயிற்றுக் கேள்வியைப் பாருங்கள்). பித்தப்பை அழற்சியில் தடிக்கும். பித்தப்பையில் ஒரு கோளாறும் இல்லாமலே டெங்குக் காய்ச்சல், கல்லீரல் அழற்சி, இதயம் பலவீனமாகி நீர் தேங்குதல், ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைதல் ஆகியவற்றிலும் தடிக்கும். ஒரே இடத்தில் மட்டும் ஒழுங்கில்லாமல் தடித்திருந்தால்தான் சந்தேகப்பட்டு, மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள்.

பாலிப் விஷயத்தில் அளவுதான் முக்கியம். 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ என்றால் பித்தப்பையை எடுத்துவிடச் சொல்வார்கள். 5 மில்லிமீட்டருக்குள் இருந்து, வேறு ஆபத்துக் காரணங்களும் இல்லையென்றால் தொடர்ந்து ஸ்கேன்கூட வேண்டியதில்லை. இடைப்பட்ட அளவு என்றால் வயது, பாலிப்பின் அடிப்பகுதி அகலமாக இருக்கிறதா என்பதையெல்லாம் வைத்து, குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். சி.ஏ. 19-9 என்ற புற்றுநோய்க் குறியீட்டு ரத்தப் பரிசோதனையை நீங்களாகப் போய் எடுக்காதீர்கள். கல்லால் நாளம் அடைபட்டாலே அது ஏறும். அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படுவதுதான் மிச்சம்.

கிட்னி கல் எக்ஸ்ரேயில் தெரிகிறது. பித்தப்பைக் கல் தெரியாதா?

பெரும்பாலும் தெரியாது. எக்ஸ்ரேயில் தெரிய கால்சியம் வேண்டும். பித்தப்பைக் கல்லில் பெரும்பகுதி கொலஸ்டிரால் என்பதால் 100-இல் 10 முதல் 20 வரைதான் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியும். 1924-இல் கிரஹாம், கோல் என்ற இரண்டு அமெரிக்க அறுவை மருத்துவர்கள் உடலுக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரேயில் பித்தப்பையைத் தெரியவைத்தார்கள். பின்னாளில் அந்த மருந்து மாத்திரையாக வந்தது. இரவில் விழுங்கிவிட்டுக் காலையில் படம் எடுப்பார்கள். அல்ட்ராசவுண்ட் வந்தபின் அந்த முறை வழக்கொழிந்துவிட்டது.

சி.டி.யில் கல் இல்லை என்றார்கள். அல்ட்ராசவுண்டில் கல் இருக்கிறது என்கிறார்கள். எதை நம்புவது?

பைக்குள் இருக்கும் கல்லைப் பொறுத்தவரை அல்ட்ராசவுண்டை நம்பலாம். சி.டி.யும் எக்ஸ்ரேதான். கொலஸ்டிரால் கல்லும் பித்தநீரும் அதில் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் கல் தண்ணீரில் கரைந்த உப்பு மாதிரி காணாமல் போய்விடும். சி.டி.யில் கல் இல்லை என்பதை வைத்துக் கல்லே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

அதற்காக சி.டி. வீண் என்று சொல்லவில்லை. பை அழுகிவிட்டதா, ஓட்டை விழுந்துவிட்டதா, சுற்றிலும் சீழ் கட்டியிருக்கிறதா, கணையம் எவ்வளவு கெட்டிருக்கிறது, கட்டி எதுவரை பரவியிருக்கிறது என்பதையெல்லாம் அதுதான் தெளிவாகக் காட்டும். நரம்பில் மருந்து ஏற்றி எடுப்பதால் அதற்கு முன் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று ரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பார்கள். முன்பு ஒவ்வாமை வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

எம்.ஆர்.சி.பி., ஈ.ஆர்.சி.பி. இரண்டும் ஒன்றுதானா? ஒன்றை எடுத்தால் போதாதா?

பெயர் ஒரே மாதிரி இருக்கிறதே தவிர இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எம்.ஆர்.சி.பி. என்பது பித்தநாளத்தின் படம் மட்டும். எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் படுக்க வேண்டும், சத்தமாக இருக்கும், சொல்லும்போது மூச்சைப் பிடிக்க வேண்டும். தேங்கி நிற்கும் பித்தநீரே படத்தில் வெள்ளையாக ஒளிர்வதால் பெரும்பாலும் ஊசிகூடத் தேவையில்லை. உடம்புக்குள் எதுவும் நுழைக்கப்படுவதில்லை. பேஸ்மேக்கரோ உள்ளே உலோகமோ இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அல்ட்ராசவுண்டில் பொதுப் பித்தநாளத்தின் கீழ்ப்பகுதியைக் குடல் காற்று மறைத்துவிடும். அங்கே சிக்கிய கல் பல சமயம் தெரியாமல் போகும். அந்த இடத்தைக் காட்டத்தான் எம்.ஆர்.சி.பி. பைக்குள் மட்டும் கல் இருந்து, எல்.எஃப்.டி.யும் சரியாக இருந்து, நாளமும் விரியாமல் இருந்தால் அது தேவைப்படாமலே போகலாம்.

ஈ.ஆர்.சி.பி. ஒரு சிகிச்சை. மயக்கம் கொடுத்து, வாய் வழியாக எண்டோஸ்கோப்பை முன்சிறுகுடல் வரை இறக்கி, பித்தநாளம் திறக்கும் வாய்க்குள் நுழைந்து, மருந்து செலுத்தி எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே கல்லை எடுப்பார்கள். தேவைப்பட்டால் நாளம் திறந்திருக்க ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைப்பார்கள். முதன்முதலில் 1968-இல் செய்யப்பட்டபோது பார்ப்பதற்குத்தான் பயன்பட்டது. இப்போது வெறுமனே பார்ப்பதற்காக அதைச் செய்வதில்லை. ஏனென்றால் அதற்குப் பிறகு கணைய அழற்சி வரலாம். 100 பேரில் ஏறக்குறைய 3 முதல் 10 பேருக்கு வருகிறது. ரத்தக்கசிவு, குடலில் ஓட்டை, தொற்று ஆகியவையும் அரிதாக உண்டு. 'எதற்கும் ஒரு ஈ.ஆர்.சி.பி. செய்து பார்க்கலாமா?' என்று யாராவது கேட்டால் எனக்கு மனசு பதறும். நாளத்தில் கல் இருப்பது உறுதியானால், அல்லது சீழ்த் தொற்றோடு வந்தால், அப்போது அது உயிரைக் காக்கும் சிகிச்சை.

எண்டோஸ்கோப்பிலேயே ஸ்கேன் எடுப்பார்களாமே, அது எதற்கு?

எண்டோஸ்கோப்பின் நுனியில் அல்ட்ராசவுண்ட் கருவி இருக்கும். முன்சிறுகுடலுக்குள் போய், பித்தநாளத்துக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்ப்பதால், எம்.ஆர்.சி.பி.யில் தவறிப்போகும் 5 மில்லிமீட்டருக்கும் குறைவான கல்லும் கசடும் தெரியும். காரணம் தெரியாமல் கணைய அழற்சி வந்தவர்களுக்கு இது பெரிய உதவி. கல் இருந்தால் அதே மயக்கத்திலேயே ஈ.ஆர்.சி.பி. செய்துவிடுவதும் உண்டு.

எல்லா டெஸ்டும் நார்மல், வலி மட்டும் அப்படியே வருகிறது. நான் பொய் சொல்கிறேன் என்று வீட்டில் நினைக்கிறார்கள்.

நீங்கள் பொய் சொல்லவில்லை. வலி நீங்கள் இரண்டாவது கேள்வியில் படித்த மாதிரியே வந்தால் முதலில் அல்ட்ராசவுண்டை இன்னொரு முறை எடுக்கச் சொல்வார்கள். சின்னக் கல் ஒரு முறை தப்பியிருக்கலாம். அடுத்தது எண்டோஸ்கோப்பி. அதற்கும் பிறகுதான் ஹைடா ஸ்கேன். மற்ற படங்கள் பையின் உருவத்தைக் காட்டும், இது பை வேலை செய்வதைக் காட்டும். கல்லீரல் எடுத்துப் பித்தநீரோடு வெளியேற்றும் மருந்தில் சிறிதளவு டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளைச் சேர்த்து நரம்பில் ஏற்றி, அது எங்கெல்லாம் போகிறது என்று கேமராவில் பார்ப்பார்கள். அதன் வீரியம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும்.

நாளமும் குடலும் தெரிந்து, கடைசிவரை பை மட்டும் தெரியவில்லை என்றால் பையின் வாய் அடைபட்டிருக்கிறது, கடுமையான அழற்சி. பை தெரிந்தால் அதைச் சுருக்கும் ஹார்மோனைக் கொடுத்து எவ்வளவு வெளியேற்றுகிறது என்று கணக்கிடுவார்கள். 35 முதல் 40 சதவீதத்துக்குக் கீழே போனால் பை சரியாகச் சுருங்கவில்லை. ஆனால் ஒன்று: நீண்ட நாள் சாப்பிடாமல் இருந்தவர்களுக்கும், மார்ஃபின் வகை வலி ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் இந்த ஸ்கேன் தப்பான விடை சொல்லும். வலியே இல்லாதவருக்குக் குறைவான எண் வந்தால் அதற்கு மதிப்பில்லை. எண்ணும் வலியும் ஒத்துப்போனால்தான் அறுவை பற்றிய பேச்சு.

கர்ப்பமாக இருக்கிறேன். இதில் எது எடுக்கலாம்?

அல்ட்ராசவுண்ட் தாராளமாக எடுக்கலாம். நாளத்தையும் பார்க்க வேண்டுமென்றால் மருந்து ஏற்றாத எம்.ஆர்.சி.பி. எடுக்கலாம். சி.டி.யும் ஹைடாவும் கதிர்வீச்சு உள்ளவை, தவிர்க்க முடியாத நிலையில் மட்டுமே. நச்சுக்கொடியிலிருந்து வருவதால் கர்ப்பத்தில் ஆல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ் இயல்பாகவே கூடியிருக்கும். அந்த ஒரு எண்ணைப் பார்த்துக் கலங்காதீர்கள். பாலூட்டுகிறவர்கள் ஹைடாவுக்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்பாவுக்கு வயதாகிவிட்டது, சர்க்கரையும் உண்டு. காய்ச்சல் இல்லை, பெரிய வலியும் இல்லை. ஆனாலும் ஏன் இத்தனை டெஸ்ட்?

வயதானவர்களுக்கும் நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கும் உடம்பு குரல் கொடுக்காமலேயே நோய் முற்றிவிடும். பை அழுகும் நிலையில் இருக்கும், சாப்பாடு பிடிக்கவில்லை, சோர்வாக இருக்கிறது என்று மட்டும் சொல்வார்கள். வெள்ளை அணுக்கள்கூட ஏறாமல் இருக்கலாம். அவர்கள் விஷயத்தில் டாக்டர் ஒரு படி முன்னதாகவே சி.டி. வரை போவதில் அர்த்தம் இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள்கணக்கில் படுத்திருப்பவர்களுக்குக் கல் இல்லாமலே பித்தப்பை அழற்சி வருவதும் உண்டு.

அறுவை செய்து எடுத்த பித்தப்பையை எதற்கு லேபுக்கு அனுப்புகிறார்கள்?

எந்த ஸ்கேனிலும் தெரியாத ஆரம்பநிலைப் புற்றுநோய் சில பேருக்கு அந்த நுண்ணோக்கிப் பரிசோதனையில்தான் முதன்முதலில் தெரியவருகிறது. தையல் பிரிக்கப் போகும் நாளில் அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வாங்காமலே விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

பித்தப்பையை எடுத்த பிறகும் அதே வலி. இல்லாத பையில் எப்படிக் கல் வரும்?

பை இல்லை, நாளம் இருக்கிறதே. அறுவைக்கு முன்பே நழுவிய கல் அங்கே தங்கியிருக்கலாம், புதிதாகவும் உருவாகலாம். ஆகவே வரிசை பழையபடியேதான்: எல்.எஃப்.டி., லைப்பேஸ், அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் எம்.ஆர்.சி.பி. அல்லது எண்டோஸ்கோப் வழி அல்ட்ராசவுண்ட். ஸ்கேன் எடுப்பவரிடம் பித்தப்பை எடுத்துவிட்டதை முதலிலேயே சொல்லுங்கள். பை இல்லாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பொதுப் பித்தநாளம் வழக்கமான 6 மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் அகலமாகவே இருக்கும். அது தெரியாவிட்டால் 'நாளம் விரிந்திருக்கிறது' என்று எழுதிவிடுவார்கள், நீங்களும் அடுத்த பரிசோதனைக்கு அலைய வேண்டியிருக்கும். அறுவைக்கு முந்தைய ரிப்போர்ட் கையில் இருந்தால் அப்போதைய அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.